நாங்கள் லிக்குவிடேஷனில் இருக்கிறோம்

அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தைவிட அறவே தெரியாத ஆங்கிலம் பாதுகாப்பானது. தெரியாதவர்கள் கையைக் காட்டுவார்கள், சிரிப்பார்கள், தப்பிவிடுவார்கள். புத்தளத்தில் 'பிஸ்னஸ் இங்கிலிஷ்' வகுப்புக்குப் போய்வந்த என்னைப் போன்றவர்களால்தான் ஊருக்கு ஆபத்து.

யுத்தம் முடிந்து, வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டிப் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம். என் சாச்சா, வாப்பாவின் தம்பி, ஊரோரத்துக் களப்பு நீரில் பிடிபடும் நண்டை வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்பிவந்தார். ஹொங்கொங் வியாபாரி ஒருவர் இடத்தைப் பார்க்க நேரிலேயே வருவதாகத் தகவல் வந்தது. அவர் ஓம் என்று தலையாட்டினால் எங்கள் நண்டு நேரே விமானம் ஏறும். சாச்சாவுக்கு நித்திரையே இல்லை. மொழிபெயர்க்கும் பொறுப்பு கிடைத்த எனக்கோ கால் தரையில் படவில்லை.

"நீ வாயத் திறந்தாப் போதும் மகள். மத்ததை அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார் சாச்சா.

திறந்தேன்.

வகுப்பில் பொறுக்கிய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது லிக்குவிடேஷன். லிக்குவிட் என்றால் திரவம். ஆகவே லிக்குவிடேஷன் என்றால் தண்ணீர் சம்பந்தப்பட்ட தொழில் என்று நானே தீர்மானித்திருந்தேன். (அகராதியைப் புரட்டுவது என் கௌரவத்துக்கு இழுக்கு.)

வந்தவரிடம், களப்புப் பக்கம் கையை வீசி, "எங்கள் கம்பனி லிக்குவிடேஷனில் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். "குடும்பமே லிக்குவிடேஷனில்தான். எல்லோருக்கும் மிகவும் சந்தோஷம்."

அவர் முகம் வாடிவிட்டது. சாச்சாவின் தோளில் கைவைத்து, "சோ சொரி" என்றார்.

சொரி சாச்சாவுக்கு விளங்கியது, சாவு வீட்டில் சொல்வது. என் பக்கம் குனிந்தார். "யாரு மகள் மௌத்து?"

"அவருட ஆக்கள் யாரோ போல, சாச்சா."

சாச்சா உடனே அவரைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினார். அவரும் சாச்சாவின் முதுகைத் தடவினார். இருவரும் ஒருவரையொருவர் நன்றாக ஆறுதல்படுத்திக்கொண்டார்கள்.

பிறகு அவர் எங்கள் லொறியைச் சுற்றிவந்து, டயரைத் தட்டிப் பார்த்து, விலை கேட்டார்.

"லொறிய மெச்சுறார், சாச்சா. என்ன விலைக்கு வாங்கினீங்களாம்?"

சாச்சா பெருமையோடு சொன்னார். வந்தவர் அதில் பாதியைச் சொன்னார். ஐஸ் பெட்டிக்கும் அப்படியே.

"நண்டு வாங்க வந்தவன் ஏன் மகள் லொறிக்குப் பேரம் பேசுறான்?"

அதற்கு நான் பதில் தேடுவதற்குள், கம்பனியை எப்போது 'குளோஸ்' பண்ணுகிறீர்கள் என்று கேட்டார் அவர். குளோஸ் எனக்குத் தெரிந்த சொல். "நோ குளோஸ். ஓபன். வெரி ஓபன்" என்றேன் பதறிப்போய்.

அவர் போனில் எதையோ தட்டி, தமிழில் வந்ததை நீட்டினார். 'நொடித்துப்போன நிறுவனத்தை மூடி, சொத்துகளை விற்றுத் தீர்த்தல்.'

என் தோளுக்கு மேலால் சாச்சாவும் வாசித்துவிட்டார். பக்கத்திலிருந்த நண்டுக் கூடைக்குள் தலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முதலில் சிரித்தது சாச்சாதான். களப்பைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, நான் கையாலும் காலாலும் விளக்கி முடித்தபோது, வந்தவர் சிரிப்புத் தாங்காமல் ஐஸ் பெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஓடர் கிடைத்தது. நொடித்துவிட்டோம் என்று இவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்பவர்களுக்கு ஏமாற்றத் தெரியாது என்று போனிலேயே தட்டிக் காட்டினார்.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் தொழில் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. லிக்குவிடேஷன் எப்படி என்றுதான் கேட்பார்கள். சாச்சா இரண்டாவது இடம் திறந்த அன்று, கடன் கொடுத்த வங்கி முகாமையாளரும் வந்திருந்தார். சாச்சா எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கு எங்கட ரெண்டாவது லிக்குவிடேஷன். எல்லாரும் துஆ செய்ங்க."

முகாமையாளர் வாய்க்குக் கொண்டுபோன வட்டிலப்பத்தை அப்படியே கீழே வைத்தார்.