எச்சில் படாத பரீட்சை

மேஜை நீளத்துக்குத் தேயிலைக் கிண்ணங்கள். கரண்டியோ ஒன்றே ஒன்று!

பட்டாபிராமனுக்கு வியர்த்துக் கொட்டியது. எந்தக் கிண்ணத்தில் உயர்ந்த சரக்கு என்று ருசித்துச் சொல்லிவிட்டால், கல்கத்தா கிளைவ் தெருவின் இந்தக் கம்பெனியில் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் கும்பகோணத்து மாமனார் பாகீரதியை ரயிலேற்றி அனுப்புவார். தவறினால் இவன்தான் ரயிலேற வேண்டும்!

கம்பெனி வகுப்பில் இலையின் நிறம், முறுக்கு, வாசனை எல்லாம் மனப்பாடம். முதல் மாணவன்! ஆனால், வாயில் வைத்த கரண்டியையே அடுத்த கிண்ணத்திலும் விட வேண்டும் என்று கரும்பலகையில் யாரும் எழுதிப் போடவில்லை.

"எச்சிலாயிடுமேடா!" என்று பக்கத்தில் நின்ற குமாஸ்தா வைத்தீஸ்வரனின் காதைக் கடித்தான்.

"வகுப்பு வேற, மேஜை வேறடா. கண்ணை மூடிண்டு உறிஞ்சு, துப்பு, நகரு!"

"துரை எதிர்க்கத் துப்பறதா? ராம ராமா!"

"ஆகட்டும்!" என்றார் மேஜைக்கு எதிரே நின்ற கம்பெனித் துரை.

பட்டாபி கிண்ணத்தைத் தூக்கினான். அண்ணாந்தான். உதட்டில் படாமல் ஒரே ஊற்று! நாக்கு வெந்தது.

ஆற்றிக் குடித்தால் போச்சு! அடுத்ததை முழ நீளத்துக்கு ஆற்றினான். துரையின் வெள்ளைக் கால்சட்டையில் தெறித்தது.

பதறிப்போய் அங்கவஸ்திரத்தால் துடைத்தான். அதன் நுனி ஏற்கெனவே ஒரு கிண்ணத்தில் ஊறியிருந்தது. கால்சட்டை முழுவதும் தேயிலை!

"முடித்துத் தொலை!" துரை உறுமினார்.

துப்பாமல் விழுங்கியதெல்லாம் வேலையைக் காட்டியது. காபி தவிர வேறறியாத உடம்பு! நெஞ்சு ரயில் எஞ்சினாகத் தடதடத்தது. அண்ணாந்தபடியே மேஜையின் கடைசிவரை ஓடினான்.

"எது உயர்ந்தது?"

"நாலாவது! நாலாவது! நாலாவதேதான்!"

துரையின் முகம் மலர்ந்தது. "நான் தேர்ந்தெடுத்ததும் அதுதான்! நாளை முதல் நீ எங்கள் ஆள்!" கால்சட்டையை மாற்ற விரைந்தார்.

பட்டாபி துள்ளினான். "பார்த்தியாடா வைத்தி! பாகீரதியும் வரா, ஆசாரமும் போகலை! ஒண்ணுலயாவது உதடு பட்டுதா?"

கிண்ணங்களை அள்ள வந்த பணியாள் நிதாய் வங்காள மொழியில் சாட்சி சொன்னான்:

"உங்க உதடு படவே இல்லை, பாபு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி இதே கிண்ணங்களை ஒவ்வொண்ணா உறிஞ்சிப் பார்த்தாரே சாஹேப், அவர் கரண்டிதான் எல்லாத்துலயும் பட்டுது!"