உச்சிச்சுழிப் போர்

வாழ்க, கத்தரிக்கோல் ஏந்திய கோமான்! வாழ்க, சீப்பைச் செங்கோலாகவும் வெள்ளைத் துணியை வெற்றிக் கொடியாகவும் கொண்டு, மூன்று நாற்காலிப் பேரரசை ஆண்ட முடிதிருத்தும் பெருந்தகை! எத்தனையோ பரட்டைத் தலைகளைப் பணியவைத்த அவ்வீரனுக்குக் கைகூடாத வெற்றி ஒன்றே ஒன்று: ஆங்கில வாத்தியாரின் வாயிலிருந்து ‘நல்லா இருக்கு’ என்னும் சொல்லைப் பிடுங்குவது.

வாத்தியாரோ லேசுப்பட்டவர் அல்லர். ஒன்றைச் சாதாரணம் என்று சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை வழியுண்டோ, அத்தனையையும் அம்பறாத்தூணியில் அடுக்கி வைத்திருந்தார். போன தடவை, “கார்டன் வெரைட்டி! தோட்டத்துல தானா முளைக்கிறது மாதிரிப்பா” என்று எய்ததில் வீரனுக்கு அன்று முழுதும் சோறு இறங்கவில்லை.

“இன்னிக்கு விடறதில்ல” என்று சூளுரைத்தான் வீரன்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சீப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு அரியணை ஏறினார். கத்தரி முழங்க, தண்ணீர்க் குப்பி கார்மேகமெனப் பொழிய, உச்சியில் கலகக் கொடி தூக்கி நின்ற சுழிமயிர்ச் சிற்றரசன், முப்புறமும் சீப்புப்படை சூழ்ந்து நெருக்கியதால் தலைகவிழ்ந்து திறை செலுத்தினான். காத்திருந்த பஸ் டிரைவரே பேப்பரை மடித்துவிட்டார். வீரன் பிடரிக்குப் பின்னே கைக்கண்ணாடியை ஏந்தி, மூச்சடக்கி நின்றான்.

“ரன் ஆஃப் த மில்.”

“அப்டின்னா சார்?”

“ஆலைல வரிசையா வர்ற சரக்கு. குத்தமில்ல, விசேஷமும் இல்ல.”

வெகுண்டு பாய்ந்தான் வீரன். பக்கவாட்டுப் படைகள் மாண்டன. மறுபடி கைக்கண்ணாடி உயர்ந்தது.

“வீட்டுக்கு எழுதிப் போடற அளவுக்கு ஒண்ணுமில்லம்பான் வெள்ளைக்காரன்.”

மெஷின் என்னும் மதயானை அவிழ்த்துவிடப்பட்டது.

“இதெல்லாம் டஜன் கணக்குல கிடைக்கும்பா.”

யானை திரும்பத் திரும்ப நடந்ததில் கருங்காடு கட்டாந்தரையாகி, முழுமதி உதயமானது.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, கைய எடுங்கண்ணே! வாத்தியாரே, கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க!”

மாட்டினார். இத்தனை ஆண்டும் காணாமலே தீர்ப்பளித்த கண்கள் முதன்முதலாகக் கண்டன. அம்பறாத்தூணியைத் துழாவினார், இந்தத் தலையைச் சாதாரணம் என்று சொல்ல ஓர் அம்புகூட இல்லை. தடவிப் பார்த்தார்.

“இது... நல்லா வளருமாப்பா?”

‘நல்லா!’ அந்த வாயிலிருந்து! வீரனின் செவியில் முரசம் அதிர்ந்தது, வானோர் பூமாரி பொழிந்தனர், பாதி நாடே கிடைத்தாலும் வெற்றி வெற்றிதான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

“வளரும் சார்” என்று துணியை உதறினான்.

அடுத்து டிரைவர் வந்து உட்கார்ந்தார்.