ஊதாக் கோடு காட்டிய பிரான்ஸ்

இந்த ஜென்மத்தில் கிருபனின் வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்று நான் சபதம் எடுத்தது சுவிஸில் பூம்ப்ளிஸ் என்ற ஊரில், எங்கள் வீட்டுக் குசினியில். சாட்சிக்கு மனைவி மனோகரியும் அடுப்பில் ஒரு சட்டி கணவாய்க் கறியும் இருந்தார்கள். இரண்டுமே கொதித்துக்கொண்டிருந்தன.

கிருபன் மனோகரியின் ஒரே தம்பி. பாரிஸ்காரன். அவன் எனக்குச் செய்ததை எதிரிக்கும் செய்யக்கூடாது. மாமி காலமானபோது மரண அறிவித்தல் போடும் பொறுப்பை அவன் எடுத்தான். 'அன்பு மாமியாரும்' என்ற வரியில் முதலில் இளைய மருமகன் கனடா ஜெயரூபன். பிறகுதான் நான். நான் மூத்த மருமகன்! ஜெயரூபன் கலியாணம் கட்டியபோது பந்தலுக்குக் கயிறு பிடித்தவன் நான். சரி, அதையாவது பொறுக்கலாம். என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுவிஸ் என்று இருக்கவேண்டிய இடத்தில் சுவீடன் என்று போட்டிருந்தான். செத்தவீட்டு வாரம் முழுக்க எனக்குத் தொலைபேசி. "எப்ப அண்ணை சுவீடனுக்கு மாறினனீங்கள்? அங்க குளிர் எப்பிடி?"

அன்றோடு கதை முடிந்தது. வீட்டில் அவன் பெயரையே எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். மனோகரியும் எடுக்கவில்லை. நான் போட்ட சட்டங்களில் அமுலுக்கு வந்தது அது ஒன்றுதான்.

இப்போது மகள் நிலோஜினிக்கு ஆவணியில் கலியாணம். சட்டத்துக்குச் சோதனை வந்துவிட்டது.

"தாய்மாமன் இல்லாமல் கலியாணவீடோ?" என்றாள் மனோகரி.

"இருக்கிற மாமன்மார் காணும்."

"எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. எங்கயிருந்து மாமன்மார் வருவினம்?"

"அப்ப நீர் ரெலிபோனில சொல்லும்."

"ரெலிபோனில சொன்னா ஆர் வருவினம்? பொம்பிளையின்ர தேப்பன் வாசலுக்குப் போய், வாயாலை சொல்லவேணும். அதுதான் முறை."

"நான் அவன்ர வாசல்படி மிதிக்கமாட்டன்."

"பிள்ளை அழுகிறாளப்பா."

"நான் சுவீடனில இருக்கிறன். எனக்குக் கேக்காது."

மனோகரி கறியைக் கிண்டினாள். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் வென்ற வீட்டில் இருப்பது தோற்ற வீட்டில் இருப்பதைவிடக் கஷ்டம். சாப்பாடு வரும், கதை வராது. ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு இரண்டு நாள் எங்காவது போய்விடுவது என்று முடிவெடுத்தேன்.

வசதியாக என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லக் குசினியில் ஒரு சுவிஸ்காரன், என் வயிற்றைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பாதி விலைக்குத் தந்த கிறவல் சைக்கிள். தடித்த ரயர். வளைந்த கைப்பிடி. தார் றோட்டை விட்டுவிட்டுக் காட்டுப்பாதையில் கல்லுக்கும் மண்ணுக்கும் மேலாக ஓடுவது. அது வீட்டுக்கு வந்த அன்று மனோகரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

"கிறவல் றோட்டில ஓடவேண்டாமெண்டுதானே சனம் ஊரைவிட்டு வந்தது? இப்ப காசு குடுத்து அதிலயே ஓடப்போறியளோ?"

ஆகவே, பிரான்சுக்குப் போகிறேன், காடு, ஆற்றங்கரை, பழைய நகரங்கள், இரண்டு நாள், தன்னந்தனியாக, என்று அறிவித்தபோது ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகவே நின்றேன்.

"போட்டு வாங்கோ," என்றாள்.

எனக்குத் திக்கென்றது. இருபத்தைந்து வருடத்தில் இந்தச் சொல்லை இவ்வளவு சுளுவாக அவள் சொன்னதில்லை.

"பாதையும் நான் போட்டுத் தாறன்," என்றாள்.

"உமக்கு என்ன தெரியும்?"

"பிள்ளை காட்டித் தந்தவள். கைப்பிடியில பூட்டுற அந்தக் குட்டிப் பெட்டியைத் தாங்கோ. அதில ஊதாக் கோடு ஒண்டு வரும். அதைப் பிடிச்சுக்கொண்டு ஓடுங்கோ. கோட்டை விட்டு விலகப்படாது."

"விலகினா?"

"பீப் எண்டு கத்தும்."

வீட்டிலும் அதேதானே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு பொறொன்றுயி என்ற ஊரில் இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் பிரான்ஸ் எல்லை. முப்பது வருடத்துக்கு முதல் இதே மாதிரி ஒரு எல்லையை எதிர்ப்பக்கமாக, காட்டுக்குள்ளால், மூச்சை அடக்கிக்கொண்டு நடந்து கடந்தவன் நான். இப்போது பட்டப்பகலில், உடம்போடு ஒட்டிய காற்சட்டையில், மஞ்சள் தொப்பியோடு கடக்கிறேன். கடவுச்சீட்டைக் கையில் எடுத்தே வைத்திருந்தேன். ஒரு நாய்கூட என்னை ஏனென்று கேட்கவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

பிறகு காடு. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்குள் போனதும் எனக்குக் கோபம் எல்லாம் மறந்துவிட்டது. ரயருக்குக் கீழே சிறுகல் நொறுநொறுவென்று சத்தம் போட, இரண்டு பக்கமும் மரம். வெட்டிய விறகை நம்பர் எழுதி அடுக்கியிருந்தார்கள். யார் இந்த நம்பரை வாசிப்பார்கள்? காட்டுக்கு நடுவில் ஒற்றை மரவாங்கு. அதில் யார் வந்து இருப்பார்கள்? ஒவ்வொன்றுக்கும் இறங்கி இறங்கிப் பார்த்தேன்.

காடு முடிய வாய்க்கால் வந்தது. படகை ஏற்றி இறக்கும் மதகுகள், ஒவ்வொரு மதகுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. பிறகு டூ நதி. பிரெஞ்சில் எழுதும்போது நாலைந்து எழுத்து, வாயால் சொல்லும்போது 'டூ' மட்டும். மிச்சத்தை என்ன செய்கிறார்களோ தெரியாது. கரையோடு கரையாகப் பாதை. ஒரு கொக்கு என்னையே பார்த்தது. ஒரு கிராமத்தில் பெட்டி ஒன்றுக்குள் காசு போட்டேன். சுடச்சுட நீட்டுப் பாண் வந்து விழுந்தது. ஆளில்லை, கடையில்லை. இன்னொன்றும் வாங்கினேன், பசியில் இல்லை, எப்படி வருகிறது என்று பார்க்க.

ஆனால் எல்லாவற்றையும்விட ஆச்சரியம் அந்த ஊதாக் கோடு. மேடு வந்தால் சுற்றிக்கொண்டு போகிறது. எனக்குத் தண்ணீர் முடிகிற இடத்தில் ஒரு குழாய். முழங்கால் நோகிற இடத்தில் நிழல். எல்லாம் அளந்து போட்ட மாதிரி. பூம்ப்ளிஸிலேயே பிழையான ட்ராமில் மாறி ஏறுகிற மனோகரிக்கு இந்தக் காடு எப்படித் தெரியும்?

போம்-லே-டாம் என்ற பழைய ஊரில் இரவுக்கு அறை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மனோ, பாதையெண்டா இது பாதை!"

"நல்லாயிருக்கோ?"

"இதைப் போட்ட ஆளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடவேணும். மூளையெண்டா மூளை. மனுசரின்ர முழங்கால் தெரிஞ்ச ஆள்!"

"உண்மையாவோ? இன்னொருக்காச் சொல்லுங்கோ. இரைச்சலாக் கிடக்கு."

சத்தமாக இன்னொருக்கால் சொன்னேன். கோயிலோடு தேரையும் சேர்த்துச் சொன்னேன். மனைவியைப் புகழ்ந்தால் வீட்டில் கதை திரும்ப வரும் என்றொரு கணக்கும் எனக்கு உள்ளுக்குள் இருந்தது.

மறுநாள் மத்தியானம் பெசான்சோன். நதி ஒரு பெரிய வளையமாக ஊரைச் சுற்றி ஓடுகிறது. வளையத்துக்குள் பழைய நகரம். மேலே மலையில் பெரிய கோட்டை. கல்லெல்லாம் ஒரு மாதிரி நீலமும் மண்ணிறமும். கோட்டைக்கு ஏறப்போகிறோம் என்று மூச்சை இழுத்துப் பிடித்தேன். கோடு ஏறவில்லை. இடப்பக்கம் திரும்பியது. ஒரு ஒடுங்கிய கல் ஒழுங்கை. அதற்குள் இன்னொரு ஒழுங்கை. சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த ஏதோ இடமாக்கும் என்று மெல்ல மெல்ல உருட்டினேன்.

பழைய மரக்கதவு ஒன்றுக்கு முன்னால் பெட்டி பாட்டுப் பாடியது. வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று ஒரு கொடியைக் காட்டியது.

என்ன இடம் இது? கதவுக்கு மேலே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். அப்போது மூக்கில் அடித்தது, நண்டுக் கறி மணம். யாழ்ப்பாணத் தூள் போட்ட நண்டுக் கறி.

கதவு திறந்தது. அகப்பையோடு கிருபன்.

"வாங்கோ அத்தான்," என்றான்.

சைக்கிளை விடாமல் மற்றக் கையால் தொலைபேசியை எடுத்தேன்.

"மனோகரி! இவன் பாரிஸில எல்லோ?"

"ரெண்டு வருசத்துக்கு முதல் உங்க பெசான்சோனுக்கு மாறிட்டான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"பேர் எடுக்கப்படாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பேர் எடுக்காம வீடு மாறினதை எப்பிடியப்பா சொல்லுறது?"

"அப்ப அந்தப் பாதை?"

"அவன்தான் போட்டவன். உதில ஞாயிறு ஞாயிறா ஓடுறவன். உங்கட முழங்காலைப் பற்றி நான் சொன்னனான்."

கிருபன் வெட்கத்தோடு அகப்பையைத் தடவினான். "ராத்திரி நீங்கள் சொன்னதை அக்கா என்னையும் லைனில போட்டுக் கேட்கப்பண்ணினவா அத்தான். கோயில் எல்லாம் வேண்டாம்."

என் காது சூடானது. ஆனாலும் நான் மூத்த மருமகன்.

"நான் படி மிதிக்கமாட்டன்," என்றேன்.

"விருப்பம் அத்தான். ஆனா சைக்கிளை வெளியில விடாதேங்கோ. இந்த ஒழுங்கையில கண்மூடித் திறக்கமுன்னம் கிளப்பிக்கொண்டு போயிடுவாங்கள். போன மாசம் என்ர முன்சில்லு போனது."

ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒருவன் சுவரில் சாய்ந்துகொண்டு என் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் படியைத் தாண்டியது முன்சில்லு. பிறகு பின்சில்லு. கைப்பிடியைப் பிடித்திருந்தபடியால் நானும் போகவேண்டியதாயிற்று. படியை மிதிக்காமல் எட்டிக் கடந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நண்டைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். இரண்டாவது கோப்பைச் சோற்றில் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அம்மா செத்த அண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியேல்லை அத்தான். ஆர் முதல், ஆர் பிறகு, என்ன நாடு... ஒண்டுமே தெரியேல்லை."

அழுகிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? நண்டு ஓட்டைக் கீழே வைத்தேன்.

"ஆவணியில பிள்ளைக்குக் கலியாணம்," என்றேன். "கட்டாயம் வரவேணும்."

"வாறன் அத்தான்."

சரி, தோற்றாயிற்று. ஆனால் முழுக்கத் தோற்கக்கூடாது. இனித் தன்னந்தனியாகக் காட்டுவழியே வீடு திரும்புவேன், அந்தச் சுதந்திரத்தையாவது ஒருவரும் பறிக்கமுடியாது. கையைக் கழுவிவிட்டு மனோகரிக்கு எடுத்தேன்.

"திரும்பி வாற பாதையை அனுப்பும்."

"அது போடேல்லையப்பா. தம்பி காரில கொண்டுவந்து விடுவான். நாலு நாள் லீவு போட்டிருக்கிறான், கலியாண வேலையெல்லாம் கிடக்கு."

"காரில என்ர சைக்கிள் ஏறாது!" என்றேன், முகம் மலர.

கிருபன் குசினி யன்னலைத் திறந்து முற்றத்தைக் காட்டினான்: காரின் பின்பக்கம் புத்தம்புதிய சைக்கிள் தாங்கி, என் ரயரின் தடிப்புக்கு அளவாகப் பட்டியெல்லாம் தளர்த்தியபடி.