ஸ்ரௌவ்வில்லுக்கு நாலு தாவலில் ஒரு கலியாணச் சேதி

வழிதிருத்தி என்றொரு மனித இனம் உண்டு, வாசகரே. உங்களுக்குத் தெரியாமல் இராது. நீங்கள் தும்மல் மருந்து வாங்கக் கடைக்குப் புறப்பட்டால், சப்பாத்துப் போடுமுன்னரே வாசலை மறித்து, "எதால போகப்போறீர்?" என்று கேட்டு, நீங்கள் எந்தத் தெருவைச் சொன்னாலும் நாக்கைச் சப்பி, அதில் மூன்று சிக்னல் கூடுதல் என்று கணக்குக் காட்டி, உங்கள் தும்மல் தானாகவே நிற்கும்வரை நல்ல வழி சொல்பவர் அவர். கடை பூட்டட்டும். வழி சுத்தமாக இருக்கவேண்டும்.

நான் கண்ட வழிதிருத்திகளில் முதன்மையானவர் ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் நவரட்ணம் அண்ணை. அவருக்கு இது தொழிலால் ஒட்டிய குணம். எண்பதுகளில் ரொறன்ரோவில் ஒரு கம்ப்யூட்டர் அறையில் அவருக்கு வேலை. இன்று நீங்கள் முகவரியைத் தட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடுகிறீர்கள். அந்தக் காலத்து மின்னஞ்சலில் அது நடக்குமா? ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு ரெலிபோன் எடுத்துக் கடிதத்தைக் கைமாற்றும். அது அடுத்ததற்கு எடுக்கும். கடிதம் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கவேண்டும் என்று முழுப் பயணத்தையும், பெயருக்குப் பெயர் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, அனுப்புகிறவரே முகவரியில் எழுதவேண்டும். எந்த இணைப்புக்கு எவ்வளவு செலவு என்று அண்ணை ஒரு பட்டியல் வைத்திருந்தார். மணிக்கொருதரம் பேசும் இணைப்புக்கு ஐந்நூறு புள்ளி. நாளுக்கொருதரம் என்றால் ஐயாயிரம். பேச்சே இல்லாவிட்டால், 'செத்தது'. புள்ளி குறைந்த வழியே உத்தம வழி. அதோடு விட்டாரா? தன் அறையைக் கடந்துபோன ஊரார் கடிதங்களையும் மறித்து வழி திருத்தினார். ஒருவரும் கேட்கவில்லை. அவற்றில் சில இன்னும் போய்ச் சேரவில்லை என்று கேள்வி.

அந்த வலை எப்போதோ போய்விட்டது. பட்டியல் மட்டும் போகவில்லை. இப்போது அதில் மனிதர்கள் இருக்கிறார்கள். பிறம்ரனில் லொறி ஓட்டும் பஸ்ரியன், நாளுக்கொருதரம் போன் பார்ப்பவர், ஐயாயிரம். புஸ்பராணி அன்ரி, கேட்டது காதில் ஆறுமுன் சொல்லிவிடுவார், முப்பது. ஆனால் அவருக்கு நேரே போன் எடுத்தால் ஒரு மணித்தியாலம் விடமாட்டார், ஆகவே இடையில் ஆள் வைத்தே அணுகவேண்டும். ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மைத்துனர் இரத்தினவேல், செத்தது.

இரத்தினவேல், அண்ணையின் மனைவி பாலேஸ்வரியின் ஒரே அண்ணன். ஆறு வருடத்துக்கு முன் பிறம்ரனில் ஒரு கலியாணம். காரை ஓட்டியவர் இரத்தினவேல். "உது சுத்து, உதில இறங்கும், திருப்பும், திருப்பும்" என்று வழி ஓட்டியவர் நவரட்ணம். மண்டபத்துக்குப் போனபோது தாலி ஏறி, பந்தியும் பாதி முடிந்திருந்தது. "உம்மட மண்டையை நம்பின என்னைச் செருப்பால அடிக்கவேணும்!" என்று இரத்தினவேல் சபையில் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது நவரட்ணம் அண்ணையின் மகள் மதுராவுக்குக் கலியாணம், இன்னும் மூன்று கிழமையில். நம்மவர் வழக்கம் தெரியும்தானே? கலியாணக் காட்டை, அதாவது அழைப்பிதழை, போனில் படமாக அனுப்பினால் அது அழைப்பாகாது; புருசனும் பெண்சாதியுமாக வீடு தேடிப்போய்க் கையில் கொடுக்கவேண்டும், தாய்மாமனுக்கு முதலாவதாக.

"அப்பா, மாமா வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன். சீரியஸா சொல்லுறன்" என்றாள் மதுரா.

அண்ணை உடனே காரில் ஏறினாரா? பட்டியல் பேப்பரை விரித்தார். நேர் இணைப்பு செத்தது. ஆகவே, 'ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்பாரா, காட்டோடு வரலாமா' என்ற ஒரு வரிச் சேதி பஸ்ரியனிடம் போய், அவரோடு வேலைசெய்யும் பிரவீனனிடம் தாவி, பிரவீனன் அதைப் புஸ்பராணி அன்ரிக்குச் சொல்ல, அன்ரி அதை இரத்தினவேலுக்குச் சொல்வதாக ஏற்பாடு. நாலு தாவல். ஞாயிறு வந்தது, போனது. மறுமொழி இல்லை. மதுரா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். "பொறு பிள்ளை, வழியில நிக்குது" என்றார் அண்ணை.

பத்தாம் நாள் பின்னேரம் பாலேஸ்வரியின் போன் அடித்தது. புஸ்பராணி அன்ரி.

"பாலேஸ், ஆரோ உம்மட அண்ணை வீட்ட கலியாணக் காட்டோட வரப்போகினமாம். அவரட்டச் சொல்லட்டாம். அவற்ற நம்பர் என்னட்ட இல்லை. உம்மை விடக் கிட்டின ஆள் ஆர்? ஒருக்காச் சொல்லிவிடும்."

சேதி ஊரெல்லாம் சுற்றி, புறப்பட்ட வீட்டுக் குசினிக்கே வந்து இறங்கிவிட்டது. பாலேஸ்வரி போனை வைத்துவிட்டுப் புருசனைப் பார்த்தார்.

"நான் என்ர அண்ணையோட செவ்வாய்க்குச் செவ்வாய் கதைக்கிறனான்."

"எப்ப தொடக்கம்?"

"எப்பவும்தான். சண்டை உங்களுக்குத்தானே?"

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னட்டக் கேட்டனீங்களே? எங்க, உந்தப் பேப்பரில என்ர பேர் எங்க இருக்கெண்டு காட்டுங்கோ பாப்பம்."

அண்ணை தேடினார். முப்பத்தெட்டுப் பெயர். பாலேஸ்வரி இல்லை. மனிதனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. கேலிசெய்ய வந்த எனக்கே பாவமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தச் சனிக்கிழமையே போனார்கள். பாலேஸ்வரி கார் ஓட்டினார். அண்ணை இரண்டுதரம் வாயைத் திறந்து இரண்டுதரமும் மூடிக்கொண்டார். கதவைத் திறந்த இரத்தினவேல் காட்டையும் பார்த்தார், கொண்டுவந்தவரையும் பார்த்தார்.

"வாரும் மச்சான். அரைமணித்தியால ஓட்டத்துக்கு ஆறு வருசம் எடுத்திட்டீர்."

அண்ணை அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார்.

சரி, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இதை வாசிக்கும்போதே உங்களுக்கும் ஓர் ஆள் நினைவுக்கு வந்திருப்பார். கன நாளாகப் பேசாத ஆள். இதை அவர் கட்டாயம் வாசிக்கவேண்டும் என்று விரல் போனைத் தேடும். நேரே அவருக்கே அனுப்புவீர்களா? இல்லை, குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டு, அவர் பார்த்துவிட்டாரா என்று அவருடைய தங்கச்சியிடம் விசாரிப்பீர்களா?