திரி இல்லாத பந்து

"…அதுல திரி இருக்கா? நல்லாப் பாருங்க. இல்லைல்ல? பெறகு எதுக்கு ஓடுறீக?"

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில், பெரிய பெரிய வியாபாரிகள் நடுவில், என் மனைவி செல்வி என்னைக் கேட்ட கேள்வி இது. அப்போது நான் பந்தை விட்டு ஏழெட்டடி தள்ளி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்து நின்றிருந்தேன். பந்து வைத்த இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

எல்லாம் வாயால் வந்த வினை. சிவகாசி வட்டாரத்தில், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி நடத்துகிறேன். எங்கள் சரக்கில் பாதியை எடுப்பவர் கோயம்புத்தூர் மொத்த வியாபாரி கந்தவேல் அண்ணன். அந்த வருஷம் அவருக்குக் கோல்ஃப் பிடித்திருந்தது (சிலருக்குச் சளி பிடிக்கிற மாதிரி).

"ஏனுங்க, கோல்ஃப் ஆடுவீங்களா?" என்றார் போனில்.

"ஏதோ கொஞ்சம் ஆடுவேன் அண்ணே" என்றேன். (பம்பரம் விட்டதோடு சரி.)

"அப்ப வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. சீசன் ஆர்டரை அங்கியே பேசிக்கலாமுங்க."

அந்த ஆர்டருக்கு எங்கள் பக்கத்து விஸ்வநத்தம் கம்பெனிக்காரர் ஒருவரும் துண்டு போட்டு வைத்திருந்தார். அது கைநழுவினால் எங்கள் ஷெட்டில் பாதியைப் பூட்ட வேண்டியதுதான்.

மதுரையில் ஒரு பழைய மட்டை வாங்கிக்கொண்டு, அடித்துப் பழகலாம் என்று கம்பெனிக்குப் போனால், போர்மேன் வாசலிலேயே மறித்தார். "அண்ணாச்சி, இரும்பு உள்ள வரக் கூடாது. கல்லுல பட்டாப் பொறி பறக்கும். நீங்க மாட்டுன போர்டுதான்."

ஆக, வறண்டு கிடந்த கண்மாய்தான் எனக்கு மைதானம். ஒன்று, மட்டை மண்ணைக் கொத்தும்; இல்லையென்றால் பந்தின் உச்சந்தலையைத் தடவிக் கொடுக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மட்டையைக் குறை சொன்னேன், பந்தைக் குறை சொன்னேன், கடைசியில் கண்மாயையே குறை சொன்னேன். செல்போன் வீடியோவில் வந்த வாத்தியார் ஒரே பாட்டைப் பாடினார்: தலையைத் தூக்காதே, உடம்பைப் பின்னால் இழுக்காதே, பந்து போன பிறகும் அது இருந்த இடத்தையே பார். எல்லாம் புரிந்தது. என் உடம்புக்குத்தான் புரியவில்லை.

ஒருநாள் காபி கொண்டுவந்த செல்வி, கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது விளையாட்டுத் தப்பு இல்லங்க, தொழில் தப்பு" என்றாள். "சரவெடி பத்த வைக்கிற மாதிரியே அடிக்கீக. கை முன்னால போகுது, ஆளு பின்னால போறீக."

அம்புட்டும் உண்மை. எங்கள் ஊரில் பிள்ளை நடக்கப் பழகுமுன்னே பின்னால் ஓடப் பழகிவிடும். முகத்தைத் திருப்பு, கையை நீட்டு, பற்றியதும் பற. மட்டை பந்தை நெருங்கும்போதெல்லாம் நான் பறந்துகொண்டிருந்தேன்.

செல்வி எதிரே வந்து நின்று, கையை நீட்டி என் தலையை அமுக்கிப் பிடித்தாள். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது பிடிப்பாளே, அதே பிடி. "அசைஞ்சா எண்ணெ கண்ணுல போயிரும்னு நெனச்சுக்கிட்டு அடிங்க."

அடித்தேன். பந்து கருவேல மரங்களைத் தாண்டிப் போனது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன. ஒரு வாரம் இப்படியே அடித்துவிட்டு, தப்பு திருந்திவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். (அது அவள் கைக்குக் கீழேதான் திருந்தியிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.)

மைதானத்தில் கந்தவேல் அண்ணன் முதலில் அடித்தார். பந்து கோணலாக மரங்களுக்குள் போனது. அடுத்தது நான். செல்வி தூரத்தில் குடைக்குக் கீழே அண்ணன் மனைவியோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதிதான் என்னைக் கெடுத்தது. எங்கள் தொழிலில் திரி பற்றிக்கொண்ட பிறகுதான் அப்படியொரு அமைதி விழும்.

மட்டையை ஓங்கியது ஞாபகம் இருக்கிறது. மட்டை காற்றை அறைந்தது. கால்கள் பின்னால் ஓடின, கைகள் காதுக்குப் போயின, வாய் பாட்டுக்கு "வெலகு, வெலகு" என்றது.

இதோடு போயிருந்தால் அவமானம் எனக்கு மட்டும்தான். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் பட்டாசு வியாபாரிகள். சிவகாசிக்காரன் ஓடினால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கிற சாதி இல்லை. ஒருவர் மணல் குழிக்குள் குதித்தார். இருவர் மட்டைப் பை ஏற்றி வந்த வண்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள். கந்தவேல் அண்ணன் மட்டையை வீசிவிட்டுக் குப்புற விழுந்தார். எழுந்தபோது மீசையில் புல்.

"என்னுங்க வெடிச்சுது?" என்றார்.

அப்போதுதான் செல்வி எழுந்து வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதற்குத் தயங்கினாலும் "அதுல திரி இருக்கா?" என்பார்கள். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியோடு ஒரு நொடி யோசிக்க, "ஏலே, அதுல திரி இல்லலே" என்று அவர் சிநேகிதனே குரல் கொடுத்தான். பந்தியில் இலை போடும்வரை சிரிப்பு ஓயவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்டர் விஸ்வநத்தத்துக்குப் பஸ் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. செல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் தலையைப் பிடித்தாள். "எண்ணெ" என்றாள். அடித்தேன். சொன்னபடி புல்லையே பார்த்துக்கொண்டிருந்ததால், பந்து போன அழகைப் பார்க்கிற பாக்கியம் எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. "அடேங்கப்பா" என்ற சத்தம் கேட்டது.

கந்தவேல் அண்ணன் முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தார். "எனக்கும் இதே தப்புதானுங்க. சொல்லிக் குடுக்க ஆள் போட்டும் சரியாகலைங்க. அம்மணி, இந்த சீசன் லோடு பூராவும் உங்க கம்பெனிதானுங்க. எனக்கும் ஒரு வழி சொல்லுங்க."

செல்வி நேரே குடைக்குப் போய், அண்ணன் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அந்தக் கையை அண்ணன் தலைமேல் வைத்து நன்றாக அமுக்கிவிட்டாள்.