பதினோராவது கம்பி

செத்துப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் கூடமாட நின்று எனக்குக் காட்டை அளந்து கொடுத்தார் என்று பதினைந்து வருடம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அப்போது நான் பி.யூ.சி. பாஸ் செய்தவன். பேய் பிசாசு கிடையாது என்று டீக்கடையில் பேசிப் பேசி இரண்டு பெரியவர்களை அழவைத்தவன்.

அந்தத் துரையை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் எங்கள் சர்வே ஆபீஸ் 'சங்கிலி'. கம்பம் பள்ளத்தாக்கில் உண்மை பேசியே இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதித்தவர் இன்னொருவர் கிடையாது. வேலை செயின்மேன், அதாவது நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிறவர். ஊர் ராயப்பன்பட்டி. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மீட்டர் கணக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் அறுபத்தாறடி இரும்புச் சங்கிலியை விடவில்லை. சனிக்கிழமை முதலில் அதற்கு விளக்கெண்ணெய்க் குளியல், அப்புறம்தான் அவருக்கு. பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொள்வார். கண்டக்டர் பண்ணைப்புரம் மூன்று மைல் என்றால், மூன்று மைல் இரண்டு பர்லாங் என்று திருத்திவிட்டுத்தான் சீட்டு வாங்குவார்.

சொந்தத் தம்பியோடு வரப்புத் தகராறு வந்தது. தானே அளந்தார். சங்கிலியில் நூறு கண்ணி. அதில் இரண்டு கண்ணி அகலம் தம்பிக்குச் சேரவேண்டியது என்று வந்தது. காய்த்துக் குலுங்கிய முருங்கை மரத்தோடு அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று அவர் வீட்டில் சோறு பொங்கவில்லை என்று கேள்வி.

எழுபதுகளின் நடுவில், நாங்கள் மதுரை ஜில்லாவாக இருந்தபோது, மலையடிவாரத்துச் சோலை ஒன்றை வெட்ட உத்தரவு வந்தது. வேங்கையும் காட்டுப் பலாவும் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனில் நின்ற காடு. நடுவில் ஒரு சுனை. கீழே உள்ள ஊருக்குக் குடிதண்ணீர் அதுதான். பிறந்த பிள்ளைக்கு முதல் குளியலும் அந்தத் தண்ணீரில்தான்.

யூனியன் ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். நம்ம ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்றார் சேர்மன். மரம் என்ன ஓட்டா போடுகிறது என்றும் கேட்டார். எதிர்க்கட்சிக்காரர் காட்டுக்காகக் கண்ணீர் விட்டார். கண்ட்ராக்ட் சேர்மனின் மச்சினனுக்குப் போனதுதான் அந்தக் கண்ணீருக்கு ஊற்று. மூன்று மணி நேரம் கத்தி, கடைசியில் ரோட்டோரக் கல்லிலிருந்து நாற்பது சங்கிலி தூரம் வரை வெட்டலாம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் காட்டுக்குள் கால் வைத்ததில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார்.

"நாப்பதுன்னா சுனை போயிரும்யா. எங்க பிள்ளைக எதைக் குடிக்கும்?"

"எல்லாம் சங்கிலி அளந்து சொல்வாரு. அவர் சொன்னா சொன்னதுதான். உக்காரும்மா" என்றார் சேர்மன். கைதட்டல். சங்கிலி கதவோரம் நின்று அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அளக்கக் கிளம்பியது நாங்கள் மூன்று பேர். அவர், தற்காலிக உதவியாளனான நான், சாட்சிக்குக் குடையோடு கண்ட்ராக்டரின் ஆள். காலை பத்து மணிக்கே காட்டுக்குள் மஞ்சு இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை.

அளக்கிற முறை சுலபம். சங்கிலியின் முன்நுனியோடு நான் போவேன். அது இழுபட்டு நின்றதும் அங்கே ஒரு இரும்புக் கம்பியைக் குத்திவிட்டு மேலே நடப்பேன். பின்நுனியோடு வருகிறவர் அந்தக் கம்பியைப் பிடுங்கிக்கொள்வார். மொத்தம் பத்துக் கம்பி. அவர் கையில் பத்தும் சேர்ந்தால் பத்துச் சங்கிலி, ஒரு சுற்று. அந்தப் பத்தையும் என்னிடம் திருப்பிக் கொடுப்பார், அடுத்த சுற்று. பின்னால் வருகிறவர் கையில் இருப்பதுதான் கணக்கு.

"லாபம்..." என்று மஞ்சுக்குள்ளிருந்து குரல் வந்தது. ஒன்று என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். "ரெண்டு..." அந்தக் குரல் ஒரு சமயம் இடப்பக்கம் கேட்டது, ஒரு சமயம் என் தலைக்கு மேல் கேட்டது. சங்கிலி மட்டும் ஈரச் சருகில் பாம்பு போல என் பின்னால் ஊர்ந்து வந்தது. நான் நின்ற பிறகும் எங்கோ சருகு மிதிபட்டது.

"பத்து" என்றது குரல். என் கையில் இன்னும் ஒரு கம்பி இருந்தது.

"அண்ணே, எங்கிட்ட ஒன்னு மிச்சம் இருக்கு."

அவர் மஞ்சிலிருந்து வெளியே வந்து என் முன்னால் எண்ணிக் காட்டினார். பத்து. என்னிடம் ஒன்று. கொண்டுவந்தது பத்து, ஆபீஸில் எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏலே, சத்தம் போடாத. துரை வந்துட்டாக."

"எந்தத் துரை?"

"முன்னாடி இங்கன அளக்க வந்து, காய்ச்சல்ல போய்ச் சேந்தாகள்ல, அவுகதான். பாதியில விட்ட அளவு. நம்ம கூட நின்னு கம்பி குத்துறாக. பேசாம நட."

பேய்க்கும் அவர் மரியாதை குறைக்கவில்லை. குடைக்காரர் குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்; ஜீப்பில் உட்கார்ந்துதான் மறுபடி மூச்சு விட்டாராம். எனக்கு ஓடவும் கால் வரவில்லை. மிஞ்சிய கம்பியைப் பள்ளத்தில் வீசினேன். துரை தொட்டதை வைத்திருக்க எனக்கென்ன தலையெழுத்து? இப்போது பத்துதான் என்று நிம்மதியாக நடந்தேன்.

இரண்டாவது சுற்று. "பத்து" என்றது குரல். என் கையில் ஒன்று.

அதையும் வீசினேன். மூன்றாவது சுற்றில் எங்கள் கருப்பசாமியைக் கூப்பிட்டேன். போதாது என்று அவருடைய அந்தோணியாரையும் கூப்பிட்டேன். அப்போதும் ஒன்று மிஞ்சியது. வீசினேன். நான்காவது சுற்றில் எண்ணவே இல்லை. கடைசியில் விரலில் சில்லென்று பட்டதைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாக எறிந்தேன்.

"நாப்பது" என்று சொல்லி அவர் ஒரு வேங்கை மரத்தில் எல்லைக்கோடு வெட்டினார். மஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், சுனைச் சத்தம் கேட்டது. சங்கிலியை ஈரம்கூடத் துடைக்காமல் சுருட்டினார். துரையை நேரில் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீஸுக்கு வந்து எண்ணினால் கம்பி பத்து. அன்று முதல் மூன்று நாள் எனக்கு வயிற்றுப்போக்கு.

சேர்மன் முணுமுணுத்தார். ஆனால் சங்கிலி சொன்னால் சொன்னதுதான் என்று மேடையில் சொன்னவரே அவர்தானே. குடைக்காரர் வேறு ஒவ்வொரு சங்கிலிக்கும் கூட இருந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். கோடு வரை வெட்டினார்கள். கோட்டுக்கு அப்பால் கை வைக்கவில்லை. சங்கிலி அடுத்த பங்குனியில் ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், துரை சுகமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை.

அவர் இறந்தபோது ராயப்பன்பட்டிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற உத்தமபாளையம் இரும்புப் பட்டறைக்காரரிடம், துக்கம் தாங்காமல், துரை கதையைச் சொன்னேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன்.

"அந்த மிச்சக் கம்பியெல்லாம் நான் அடிச்சது தம்பி. புளிச்ச மோர்ல ஊறப்போட்டுப் பழசு மாதிரி துருவேத்திச் சங்கிலி அண்ணன்கிட்ட குடுத்தேன். முன்கூட்டியே ஒன்னைக் கையில மறைச்சு வச்சுக்கிட்டா, ஒம்போது பிடுங்குனதும் பத்தாயிரும்ல. சுனை முப்பத்தெட்டாம் சங்கிலியில இருக்குன்னு அவுகளுக்குத் தெரியும். முப்பத்தாறுல நிறுத்திட்டாக."

இரண்டு கண்ணிக்காக முருங்கை மரத்தைக் கொடுத்தவர் நானூறு கண்ணி பொய்யாக அளந்திருக்கிறார். தெரிந்திருந்தால் வேலையும் போயிருக்கும், பேரும் போயிருக்கும். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. மிஞ்சியதை வாங்கித் திரும்பத் திரும்ப மறைத்துக்கொண்டால் ஒரே கம்பி போதுமே என்றேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கூட வர்ற பய நல்லவன், ஆனா பயந்தாங்கொள்ளி. சுத்துக்கு ஒன்னு தூக்கி எறிஞ்சிருவான். நாலாவே அடி'ன்னு சொன்னாக."

நான் எறிந்ததும் நாலுதான்.