அத்தானைப் புகைபோக்கி வழியாக அனுப்பிய விவரம்

அன்புள்ள மியூரியல் அக்காவுக்கு,

மேட்லாக்கிலிருந்து உன் தம்பி கிளைவ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், மழையும் நலம். இடுப்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு நீ தடியூன்றி நடமாடுகிறாய் என்று கேட்டு மகிழ்ச்சி. மேற்கொண்டு உட்கார்ந்து படி.

எத்தனையோ குளிர்காலம் கொட்டகையில் அடைந்துகிடந்து வில்ஃப்ரெட் அத்தான் தன் கையால் செய்த அந்த முழங்கால் உயர நீராவி ரயில் எஞ்சினின் அடுப்பில் அவருடைய அஸ்தியைப் போட வேண்டும், புகையோடு புகையாக அவர் மேலே போக வேண்டும் என்பதுதான் அவருடைய கடைசி ஆசை. "நீயே செஞ்சிடுடா. அந்த மனுஷன் வாய்விட்டு என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்" என்று நீ போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. அதனால்தான் பேனா நகர மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அத்தானுடைய குட்டி ரயில் கிளப்பின் தண்டவாளத்தருகே எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். செயலாளர் டெஸ்மண்ட், "ஒவ்வொரு ஸ்பூனா போடு கிளைவ், அவசரப்படாதே" என்றார். நான் கேட்கிற ஆளா? வானம் கறுத்துக்கொண்டு வந்தது, கூடாரத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, டப்பாவைக் கவிழ்த்து அத்தானை மொத்தமாக உள்ளே கொட்டிவிட்டேன். ஏற்கெனவே எரிந்து முடித்தவர் மறுபடி எப்படி எரிவார்? நெருப்பு மூச்சுத் திணறியது, நீராவி இறங்கியது, எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடி ஏற்றத்தில் பெருமூச்சு விட்டு நின்றது. அவ்வளவுதான், துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் எஞ்சினியர் ஆகிவிட்டார்கள். "நான் அப்பவே சொன்னேன், கரி ஈரம்!" "கரி நல்ல கரிதான்யா, போட்டவன்தான் சரியில்ல!" பாதிரியார்கூடச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "தண்ணி ஜாஸ்தி" என்றார். அந்தக் கூச்சலில் டெஸ்மண்ட், கைப்பழக்கம் பார், நின்றுபோன எஞ்சினுக்கு எப்போதும் செய்வதுபோல அடுப்பைச் சுரண்டி எல்லாவற்றையும் சாம்பல் வாளியில் தள்ளிவிட்டார். வாளியில் ஏற்கெனவே எல்லார் எஞ்சின் சாம்பலும் கிடந்தது. "ஐயையோ, வில்ஃப்ரெட்!" என்று அவர் அலறியபோதுதான் எனக்கு உறைத்தது. எது அத்தான், எது நிலக்கரி என்று உன்னால்கூடப் பிரிக்க முடியாது அக்கா.

வாளியை வெள்ளைத்துணியால் மூடி என் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறேன். "விருந்தாளி எத்தனை நாள் தங்குவாராம்?" என்று என் வீட்டுக்காரி ஜாய்ஸ் கேட்கிறாள். உன் கணவர் கேட்ட ஒரே ஒரு காரியம், அதையும் கெடுத்தேன். இனி எந்த எஞ்சினையும் தொட மாட்டேன். அவருடையதை வெள்ளிக்கிழமை வேனில் உனக்கே அனுப்பிவிடுகிறேன். மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு.

உன் காலும் மனமும் சீக்கிரம் தேற வேண்டிக்கொள்ளும்,
கிளைவ்

பி.கு.: வேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வேனில் ஏற்ற எஞ்சினைப் பொட்டலம் கட்டுவதற்கு முன் டெஸ்மண்ட் அதன் முன்பக்கக் கதவைத் திறந்து பார்த்தார். புகை போகும் குழாய்களுக்குள்ளே வெள்ளையாக, மெல்லிசாக, அத்தான்! லேசானதைப் புகை அங்கே இழுத்துக்கொண்டுவிட்டது, கனமானது மட்டும்தான் வாளிக்குப் போயிருக்கிறது. "இவரைத் துடைச்செடுக்கக் கூடாதுப்பா, ஓட்டித்தான் ஊதணும்" என்றார். உடனே பற்றவைத்தோம். முதல் சுற்றிலேயே புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஒரு கொத்து மேலே போனது, தொப்பியைக் கழற்றினேன். இன்னும் பாக்கி இருக்கிறார். எஞ்சினை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். இடுப்பு சரியானதும் வா அக்கா, நீயே ஓட்டு.